ஸ்பீக்கர் இரண்டையும் எங்கே வைப்பது? சீமெந்து வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விதான் கேட்பார்கள். எத்தனை வொட்ஸ், பாஸ் என்கிற கனத்த அடிச் சத்தம் எப்படி, கடைசி விலை என்ன? வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று கேட்பவர் குறைவு, சொல்லித் தருகிற கடைக்காரரும் குறைவு. இடம் கிடைத்த மூலையில் வைக்கிறோம். சத்தம் பிடிக்காவிட்டால் பெட்டியைக் குறை சொல்கிறோம். பிறகு காசு சேர்த்து இன்னும் விலையான ஒன்றை வாங்கி, அதையும் அதே மூலையில் வைக்கிறோம்.

காதுக்கு வந்து சேரும் ஒலியில் பெட்டிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த அளவுக்கு அறைக்கும் உண்டு. பெட்டியை இரண்டு அடி நகர்த்துவதால் வரும் மாற்றம், அடுத்த விலைப் பெட்டிக்கு மாறுவதால் வரும் மாற்றத்தைவிடப் பல வீடுகளில் பெரிது. அதற்குச் செலவும் இல்லை. ஏன் அப்படி என்று விளங்கிக்கொண்டால், எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் யாரையும் கேட்காமல் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

## திசை எப்படித் தெரிகிறது?

காலி வீதியோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், ஹோர்ன் அடிக்கிற பஸ் வலப்பக்கம் நிற்கிறதா இடப்பக்கம் நிற்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். காதுகளுக்கு நடுவே தலை இருப்பதுதான் காரணம். வலப்பக்கத்துச் சத்தம் முதலில் வலது காதுக்கு வருகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போக அதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நம் ஊர் 30 பாகை வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடும். அந்த வேகத்தில், இரண்டு காதுகளுக்கும் இடையிலான நேர வித்தியாசம் ஆகக் கூடியது 0.7 மில்லிசெக்கன் அளவில்தான் இருக்கும். ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மில்லிசெக்கன். இதோடு, தலை குறுக்கே நிற்பதால் தூரத்துக் காதில் கீச்சுச் சத்தங்கள் மெலிந்து விழும். இந்த நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது.

இடம், வலம் என்று பிரித்து இரண்டு பெட்டியில் ஒலி தரும் முறைதான் ஸ்டீரியோ. அது இந்தக் கணிப்பைத்தான் பயன்படுத்துகிறது. அதன் அடிப்படையை 1931-இல் அலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் காப்புரிமையாகப் பதிவு செய்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 அளவில் கடைகளுக்கு வந்தன. பாடகரின் குரலை இடது பெட்டியும் வலது பெட்டியும் ஒரே அளவில், ஒரே கணத்தில் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டுக்கும் சரிநடுவே இருக்கிறீர்கள். இரு காதுக்கும் ஒரே மாதிரியே வந்து சேர்வதால், குரல் நேர் எதிரிலிருந்து வருகிறது என்று மூளை முடிவு செய்துவிடும். அந்த இடத்தில் பெட்டி எதுவும் இல்லை, வெறும் சுவரோ டிவியோதான் இருக்கும். ஆனாலும் பாடகர் அங்கே நிற்கிறார். இதை மாய மையம் என்று சொல்லலாம். வயலினை இடது பெட்டி சற்றுக் கூடுதலாகத் தந்தால் வயலின் இடப்பக்கம் நகரும். மிருதங்கம் வலப்பக்கம் உட்காரும். நல்ல ஒலிப்பதிவில் ஒரு மேடையே உங்கள் முன்னால் விரியும்.

இந்த மாயம் எளிதில் கலைந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. நடுவிலிருந்து ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்து உட்காருங்கள். வலது பெட்டி மற்றதைவிட ஏறத்தாழ ஓர் அடி கிட்டவாகிவிடும். ஓர் அடியைக் கடக்க ஒலிக்கு 0.9 மில்லிசெக்கன் போதும். அந்தச் சின்ன முந்தலுக்கே மூளை குரலை வலது பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். முந்தி வரும் ஒலியே திசையைத் தீர்மானிக்கிறது, பிந்தி வருவதை மூளை அதோடு சேர்த்துக் கரைத்துவிடுகிறது. இதற்கு முந்து விளைவு என்று பெயர். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் ஹாஸ் விளைவு என்றும் சொல்வார்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஸ்டீரியோ பெட்டிக்குள் இல்லை, உங்கள் இரு காதுகளுக்கு நடுவில் உருவாகிறது. அது உருவாக வேண்டுமானால் இரு பெட்டிகளும் உங்களுக்குச் சம தூரத்தில் இருக்க வேண்டும்.

## ஒற்றைப் பெட்டிப் பழக்கம்

கொழும்பில் 1925 டிசெம்பரில் வானொலி தொடங்கியது. அதன்பின் பல தசாப்தங்களாக நம் வீடுகளில் பாட்டு வந்தது ஒரே ஒரு பெட்டியிலிருந்துதான். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், அலுமாரிக்கு மேலே வானொலி இருந்தது. குசினியில் நின்றாலும் விறாந்தையில் நின்றாலும் கேட்கும். ஒற்றைப் பெட்டிக்கு அது நல்ல இடம்தான், ஏனென்றால் அதில் இடமும் வலமும் இல்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே இரண்டு பெட்டிக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், சொந்தக்கார அண்ணா ஒருவரின் ஹோலில் ஒரு பெட்டி டிவி மேசைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தது. மற்றது ஃபிரிட்ஜுக்கு மேலே. இரண்டும் நல்ல பெட்டிகள். "வீடு முழுக்கக் கேக்கோணும் எண்டுதான் அப்படி வச்சனான். சத்தம் நல்லாத்தானே வருது, தம்பி?" என்றார். சத்தம் நன்றாகத்தான் வந்தது. அரை மணித்தியாலம் கேட்டுப் பார்த்து இரண்டையும் ஒரே உயரத்தில், டிவிக்கு இருபக்கமும் சம தூரத்தில் வைத்து, செற்றியின் நடுவில் அவரை உட்கார வைத்தோம். பாட்டுத் தொடங்கியதும் அவர் எழுந்துபோய் டிவியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "டிவி ஸ்பீக்கர் ஓஃப் தானே?" ஓஃப்தான். வாங்கிய நாள் முதல் அந்தப் பெட்டிகளால் தர முடிந்த மாய மையத்தை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்.

## முக்கோணம்

அடிப்படை விதி இதுதான். இரண்டு பெட்டிகளும் உங்கள் தலையும் மூன்று மூலைகளாக, மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணம் அமைய வேண்டும். பெட்டிகளுக்கு இடையே 6 அடி என்றால், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் உங்கள் காதுக்கு 6 அடி. அப்போது பெட்டிகள் உங்கள் நேர்ப்பார்வைக்கு இருபக்கமும் 30 பாகைக் கோணத்தில் நிற்கும். ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இடது, வலது பெட்டிகளுக்கு இதே கோணம்தான். பாடலைக் கலந்தவர் எதைக் கேட்டு முடிவு செய்தாரோ, அதற்குக் கிட்டவாக நீங்களும் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெட்டிகள் நெருங்கி நின்றால் மேடை ஒடுங்கும். டிவி மேசையின் மேல் இரண்டு அடி இடைவெளியில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் ஒற்றைப் பெட்டியில் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இராது. மிகவும் விலகினால் நடுவில் ஓட்டை விழும், பாடகர் ஒருபக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்பார்கள். பெட்டிகளை உங்களிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி, முக்கோணத்தைச் சற்றே நீட்டி வைப்பதில் தவறில்லை. ஆனால் இரண்டு பக்கத் தூரமும் சமமாக இருப்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கண் மதிப்பில் விடாமல் தையல் நாடாவால் அளந்து, ஓர் அங்குல வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள்.

உயரமும் முக்கியம். பெட்டியில் கீச்சுச் சத்தம் தருகிற சின்ன வட்டத்துக்கு டுவீட்டர் என்று பெயர். அதன் ஒலி டோர்ச் வெளிச்சம் போல நேராகப் பாயும், பக்கவாட்டிலும் மேலே கீழேயும் போகப் போகக் குறையும். எனவே டுவீட்டர் உங்கள் காது மட்டத்தில் இருக்க வேண்டும். சாதாரணக் கதிரையில் உட்கார்ந்தால் காது நிலத்திலிருந்து மூன்றடிக்குச் சற்று மேலே இருக்கும். தாழ்ந்த மேசைதான் இருக்கிறது என்றால், பெட்டியின் முன்பக்கத்துக்குக் கீழே றப்பர்த் துண்டு கொடுத்து முகத்தை மேலே சாய்த்துவிடலாம். அலுமாரிக்கு மேலே வைத்தால் டுவீட்டர் தலைக்கு மேலால் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பாடும்.

பெட்டிகளை உங்களை நோக்கித் திருப்ப வேண்டுமா? கொஞ்சம் திருப்புங்கள். முழுதாக உங்கள் காதைப் பார்க்கும்படி திருப்பினால் குரல் கூர்மையாக நடுவில் நிற்கும், சில பெட்டிகளில் 'ஸ', 'ஷ' குத்தும். நேராக விட்டால் மேடை அகன்று மென்மையாகும். இது பெட்டிக்குப் பெட்டி மாறும், கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## பக்கச் சுவர்: கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்

பெட்டியிலிருந்து புறப்படும் ஒலி எல்லாமே நேராக உங்களிடம் வருவதில்லை. ஒரு பகுதி பக்கச் சுவரிலும் நிலத்திலும் பட்டுத் திரும்பி வருகிறது. இதற்குத் தெறிப்பு என்று பெயர். பத்தடி அகல அறையில் பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலி, நேர் ஒலியைவிட இரண்டு மூன்று மில்லிசெக்கன் மட்டுமே பிந்தும். இவ்வளவு சிறிய பிந்தலை எதிரொலியாகக் காது பிரித்துக் கேட்பதில்லை. முந்து விளைவு அதை நேர் ஒலியோடு சேர்த்துவிடுகிறது. ஆனால் சேரும்போது குரலின் நிறம் மாறுகிறது, மாய மையத்தின் ஓரங்கள் கலங்குகின்றன.

தெறிப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரட்டும். கண்ணாடியில் எந்த இடத்தில் டுவீட்டர் தெரிகிறதோ, அதே இடத்தில்தான் ஒலியும் பட்டுத் திரும்புகிறது. ஒளிக்கும் ஒலிக்கும் இதில் விதி ஒன்றுதான். அந்த இடத்தில் ஒரு புத்தக அலுமாரியை வையுங்கள், அல்லது மடிப்பு நிறைய வைத்துத் தைத்த தடித்த திரைச்சீலையைத் தொங்கவிடுங்கள். யன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி எடுத்து மடித்துத் தைத்தால்தான் பயன் தெரியும். மெல்லிய நைலோன் சீலையால் ஒன்றும் ஆகாது. நிலத்துக்கு, பெட்டிக்கும் கதிரைக்கும் நடுவில் ஒரு தடித்த கம்பளம். பன்பாய் அழகுதான், ஆனால் ஒலியை உறிஞ்சும் தடிப்பு அதற்குக் கிடையாது.

எல்லாத் தெறிப்பையும் அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத் தெறிப்புக் கொஞ்சம் இருந்தால்தான் இசை விரிந்து கேட்கிறது என்று விரும்புகிறவர்களும் உண்டு, அவர்களின் காதும் பொய் சொல்லவில்லை. ஆனால் டைல்ஸ் தரை, பூசிய சுவர், கண்ணாடிச் சறுக்குக் கதவு என்று மூன்றும் சேர்ந்த புதுத் தொடர்மாடி ஹோலில் பிரச்சினை தெறிப்புக் குறைவது அல்ல, மிஞ்சிப்போவதுதான். பொருள் ஏற்றாத வீட்டில் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கூடவே வரும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி ஓடி ஓடித் திரும்புவதுதான் அது. ஒவ்வொரு பாட்டின் மேலும் அந்த நடுக்கம் ஏறும். திரை, கம்பளம், துணிச் செற்றி வந்தாலே பெரும்பங்கு அடங்கிவிடும்.

## பாஸ் மட்டும் ஏன் பேச்சுக் கேட்பதில்லை?

மேலே சொன்ன மருந்து எதுவும் பாஸுக்கு வேலை செய்யாது. காரணம் அலையின் நீளம். ஒரு செக்கனில் எத்தனை முறை காற்று அதிர்கிறது என்பதே மீடிறன், அதை ஹேர்ட்ஸில் சொல்வோம். ஒலியின் வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் வரும். 10,000 ஹேர்ட்ஸ் கீச்சுச் சத்தத்தின் அலை மூன்றரை சென்ரிமீற்றர், ஒரு பூச்சாடி குறுக்கே நின்றாலே மறித்துவிடும். 50 ஹேர்ட்ஸ் பாஸின் அலை 7 மீற்றர், அதாவது 23 அடி. உங்கள் அறையைவிட நீளம். அதற்குத் திரைச்சீலை இருப்பதே தெரியாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கீச்சுச் சத்தத்தில் அது சற்றுச் சிதறல் தரலாம், பாஸில் ஒன்றும் செய்யாது. அரை அங்குல ஃபோமும் அப்படித்தான். பாஸ் இரைச்சல் என்று ஃபோம் ஒட்டுகிறவர்கள் கடைசியில் கீச்சுச் சத்தத்தை மட்டும் இழந்து, முன்னைவிட இரைச்சலான அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அறைக்குள் பாஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, ஒரு பெரிய பேசினில் பாதிக்குத் தண்ணீர் எடுங்கள். இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஏதோ ஒரு வேகத்தில் தண்ணீர் உங்கள் அசைவோடு இசைந்துகொண்டு பெரிதாக ஆடத் தொடங்கும். அப்போது கவனியுங்கள். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் நிறைய ஏறி இறங்குகிறது. நடுவில் மட்டம் மாறுவதே இல்லை. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த ஆட்டம் கலைந்துவிடும். பேசினின் நீளம்தான் அந்த வேகத்தைத் தீர்மானிக்கிறது.

அறையில் காற்றழுத்தமும் இதையேதான் செய்கிறது. இரு சுவர்களுக்கிடையே அரை அலை சரியாகப் பொருந்தும் மீடிறனில் காற்று இப்படி ஆடத் தொடங்கும். இதற்கு நின்ற அலை என்று பெயர். 12 அடி நீள அறையில் அது 48 ஹேர்ட்ஸ் அளவில் வரும், 10 அடி அகலத்துக்கு 57 ஹேர்ட்ஸ். அந்தச் சுருதியில் பாஸ் வரும்போது சுவரோரம் இருப்பவருக்கு நெஞ்சு அதிரும், அறையின் சரிநடுவில் இருப்பவருக்குப் பாஸே இல்லை. பெட்டி ஒன்றுதான், பாட்டு ஒன்றுதான். ஒரே ஹோலில் இருவர் "பாஸ் கூட", "பாஸ் குறைய" என்று வாக்குவாதப்பட்டால் இருவரும் சரியாகவே சொல்கிறார்கள். 10 அடிக்கு 10 அடி சதுர அறையில் இரண்டு திசையின் ஆட்டமும் ஒரே சுருதியில் விழுந்து ஒன்றையொன்று ஏற்றிவிடும். தெரிவு இருந்தால் சதுர அறையைத் தவிருங்கள்.

பெட்டி நிற்கும் இடமும் இதில் சேர்கிறது. சுவரோடு ஒட்டிய பெட்டிக்குப் பாஸில் 6 டெசிபெல் (ஒலி அளவைச் சொல்லும் அலகு) வரை கூடலாம். மூலையில் இரண்டு சுவரும் நிலமும் சேர்ந்து இன்னும் ஏற்றும். "மூலையில் வைத்தால் பாஸ் நல்லா வரும்" என்று சொல்வது இதனால்தான். கூட வருவது உண்மை. ஆனால் எல்லாச் சுருதியிலும் சமமாகக் கூடுவதில்லை. அறைக்குப் பிடித்த இரண்டு மூன்று சுருதிகளில் மட்டும் ஊதிப் பெருக்கும். அதனால்தான் அந்த வீடுகளில் எந்தப் பாட்டிலும் பாஸ் கிட்டார் ஒரே 'பூம்' ஆகக் கேட்கிறது, சுருதி மாறுவதே தெரிவதில்லை. அதிக பாஸும் நல்ல பாஸும் ஒன்றல்ல.

சுவரிலிருந்து நடுத்தரத் தூரத்தில் நிற்கும்போது வேறொரு சிக்கல் உண்டு. பாஸ் பெட்டிக்குப் பின்னாலும் போகும், சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன்னால் போகிற அலையோடு சேரும். திரும்பி வருவது சரியாக அரை அலை பிந்தினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டியின் முகம் சுவரிலிருந்து 2 அடி என்றால் 143 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளம் விழும். 3 அடி என்றால் 96 ஹேர்ட்ஸ். பின்சுவருக்கும் பக்கச் சுவருக்கும் ஒரே தூரம் வைத்தால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகும். ஆகவே அந்த இரண்டு தூரமும் ஒன்றாக இருக்கவே கூடாது.

சுருக்கமாக: பாஸின் அளவைப் பெட்டி, சுவர், உங்கள் கதிரை மூன்றும் நிற்கும் இடங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. துணியும் ஃபோமும் அதில் தலையிடுவதில்லை, இடம் மாற்றுவதே வழி.

## வெளிநாட்டு ஆலோசனையும் நம் சுவரும்

யூடியூபில் ஸ்பீக்கர் வைப்பது பற்றிப் பேசுகிறவர்களில் பலர் அமெரிக்க வீட்டில் இருந்து பேசுகிறார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளின் சுவர் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பாஸ் பட்டால் அந்தப் பலகை தானும் கொஞ்சம் அசைந்து ஒரு பங்கை விழுங்கிவிடும், இன்னொரு பங்கு அடுத்த அறைக்குக் கசியும். நம் வீடுகளில் செங்கல்லும் சீமெந்துக் கல்லும் கொங்கிரீட் தட்டும். அவை அசைவதில்லை. வந்த பாஸை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் அவர்கள் தாராளமாகச் சுவரோடு வைக்கிற பெட்டி இங்கே இரையும், அவர்களுக்குப் போதாமல் இருக்கிற பாஸ் நமக்கு மிஞ்சும். கொழும்பில் பத்தடி அறைக்குப் பாஸுக்கென்றே வரும் பெரிய சப்வூஃபர் பெட்டி வாங்க யோசிப்பவரிடம் நான் சொல்வது, சின்னப் பெட்டியோடு ஒரு மாதம் இருந்து பாருங்கள் என்பதுதான்.

நமக்குச் சாதகமானதும் உண்டு. யன்னலையும் கதவையும் திறந்து வைத்து வாழ்கிறோம், திறந்த கதவு வழியே பாஸ் கொஞ்சம் வெளியேறும். ஏசி போட்டு எல்லாம் மூடியிருக்கும்போது ஒரு மாதிரியும், கதவு திறந்திருக்கும்போது வேறு மாதிரியும் கேட்பது அதனால்தான். எப்படிக் கேட்பது வழக்கமோ அந்த நிலையிலேயே பெட்டிகளைச் சரிசெய்யுங்கள்.

தொடர்மாடியில் நல்ல ஒலிக்கு ஏற்ற அறை பெரும்பாலும் ஹோல் அல்ல, படுக்கையறை. மெத்தை, தலையணை, துணி நிறைந்த அலுமாரி எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. ஹோலில் ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் குசினிக்குத் திறந்த வெளியுமாக இருக்கும். சுவர் இருக்கும் பக்கத்துப் பெட்டி கனத்துக் கேட்கும். படுக்கையறையில் இருபக்கமும் ஒத்திருக்க வாய்ப்பு அதிகம்.

## ஓர் அறையில் செய்து பார்ப்போம்

12 அடிக்கு 10 அடி அறை. பெட்டிகளை 10 அடிச் சுவர்ப் பக்கம், அறையின் நீளத்தைப் பார்த்தபடி வையுங்கள். பெட்டிகளுக்கு இடையே 6 அடி, அப்போது பக்கச் சுவருக்கு இருபக்கமும் 2 அடி. பின்சுவரிலிருந்து பெட்டியின் முகத்துக்கு இரண்டரை அடி, பக்கத் தூரத்தோடு ஒன்றாகாமல். 6 அடி முக்கோணம் வரைந்தால் உங்கள் தலை பெட்டிக் கோட்டிலிருந்து ஐந்தடிக்குச் சற்று மேல், அதே பின்சுவரிலிருந்து ஏறத்தாழ ஏழே முக்கால் அடியில் வரும். நீளத்தின் நடுவான 6 அடியில் விழும் பாஸ் வெறுமையைத் தாண்டிவிட்டீர்கள். முதுகுக்குப் பின்னால் நாலேகால் அடி மிச்சம். கேட்பவரின் தலை ஏதாவது ஒரு சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதத் தூரத்தில் இருக்கட்டும் என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு, நம் இடம் அதற்குக் கிட்டவாகவே வந்திருக்கிறது. தொடங்குவதற்குத்தான் இந்தக் கணக்கு, முடிவு காதுடையது.

செற்றியைச் சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால், தலைக்குப் பின்னால் தடித்த மெத்தைத் துணியாவது இருக்கட்டும், பாஸ் அங்கே கூடித்தான் கேட்கும். பெட்டிகளை நடுத்தரத் தூரத்துக்கு எடுக்க இடமில்லை என்றால், அரைகுறையாக ஓர் அடி விடுவதைவிடச் சுவருக்கு நாலைந்து அங்குலம் வரை நெருக்கிவிடுவது பல சமயம் நல்லது. பள்ளம் அப்போது உயர்ந்த மீடிறனுக்கு நகர்ந்து வலுவிழக்கும். கூடுகிற பாஸை அம்பிளிஃபயரில் குறைத்துக்கொள்ளலாம். பெட்டியின் பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் அதை அடைக்கிற மாதிரி ஒட்டாதீர்கள். அப்படியும் இரைந்தால் துளைக்குள் ஒரு சுத்தமான காலுறையைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். டிவி நடுவில் இருப்பதால் கெடுதல் இல்லை, பெட்டிகளின் முகம் டிவித் திரையைவிடச் சற்று முன்னே வந்தால் போதும்.

கேட்டுச் சரிபார்க்கும்போது முதலில் வயரைப் பாருங்கள். சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா? ஒரு பெட்டியில் மட்டும் மாறியிருந்தால் ஒன்றின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பாஸ் மெலிந்துவிடும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. ஸ்பீக்கரில் ஏதோ பழுது என்று நினைக்கப்படுகிற வீடுகளில் பலமுறை காரணம் இதுதான். கடலோர வீடுகளில் உப்புக் காற்றால் வயர் முனை பச்சை பிடித்திருக்கவும் கூடும், நுனியை வெட்டிப் புதிதாகச் சீவிப் பூட்டுங்கள்.

அடுத்து, வாத்தியமில்லாத ஒற்றைக் குரலைப் போடுங்கள். வானொலிச் செய்தி வாசிப்பே போதும். குரல் நடுவில், ஒரு வாய் அளவுக்கு ஒடுங்கி நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் தூரங்களைத் திரும்ப அளவுங்கள், பரவிக் கலங்கினால் பெட்டியை உள்நோக்கிக் கொஞ்சம் திருப்புங்கள். குரல் சரியானபின் பாஸ் கிட்டார் சுருதி ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். ஒரு சுருதி மட்டும் முட்டிக்கொண்டு நின்றால், பெட்டிகளை அசைக்கும்முன் கதிரையை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பாஸ் பிரச்சினைக்குக் கதிரை நகர்த்துவதே பெரும்பாலும் விரைவான வழி. சத்தத்தின் வெவ்வேறு மீடிறன்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் முட்டும் சுருதியைத் தணிக்க முடியும். பாஸ் வெறுமையான இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதை நிரப்ப முடியாது, கூட்டக் கூட்ட அறை அதை அழித்துக்கொண்டே இருக்கும், ஸ்பீக்கர்தான் களைக்கும்.

இடம் பிடிபட்டதும் பெட்டியின் நான்கு மூலையையும் கதிரைக் கால்களையும் நிலத்தில் சின்ன டேப் துண்டால் அடையாளம் வையுங்கள். வீடு கூட்டும்போது, விருந்தினர் வரும்போது எல்லாம் நகரத்தான் செய்யும். டேப் இருந்தால் திரும்ப அளக்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம்.